ஒரே விஷயத்துக்கு ஒருத்தர் கத்துகிறார், ஒருத்தர் அழுகிறார், ஒருத்தர் வாயே திறப்பதில்லை. ஏன்? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் மனநலம் பற்றிப் பேசப் போவதுண்டு. பேச்சு முடிந்து டீ கொடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் ஓரமாக வந்து நின்று, "ஒன்னு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கோபம், அழுகை, பயம் எல்லாவற்றையும் "அது அவங்க குணம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வளர்ந்த வீடு, கையில் இருக்கும் காசு, ராத்திரித் தூக்கம், எதிரே நிற்பவர் யார் என்பது, இவற்றுக்கெல்லாம் அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

உணர்ச்சியைக் கையாள்வது என்றால் அடக்கிக்கொள்வதுதானே?

அடக்குவது அதில் ஒரு வழி, அதுவும் கடைசியாக வரும் வழி. அதற்கு முன்னால் நாம் தலையிடக்கூடிய இடங்கள் இன்னும் நான்கு இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் இதை வரிசைப்படுத்திக் காட்டினார். நம் ஊர் விஷயத்தை வைத்தே பார்க்கலாம்.

தை மாதம். ஒருவர் சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, முறை வரக் காத்திருக்கிறார். ராத்திரி மழை. காலையில் ஈரப்பதம் பார்க்கும் மெஷின் 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. "காயப்போட்டுக் கொண்டாங்க" என்கிறார்கள். பக்கத்துக் குவியல் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இவருக்கு உச்சந்தலைக்கு ஏறுகிறது.

இந்த இடத்தில் அவர் செய்யக்கூடியவை என்னென்ன? தனக்கு அங்கே போனாலே படபடப்பு வரும் என்று தெரிந்தால், நிதானமான மச்சானையோ மகனையோ அனுப்பியிருக்கலாம். அது சூழலைத் தேர்ந்தெடுப்பது. தானே போனாலும், குவியலைச் சுற்றித் தண்ணீர் வடிய வழி வெட்டிவிட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கலாம். இப்போதுகூட "இன்னொரு இடத்துல கை விட்டு எடுத்துப் பாருங்க" என்று கேட்கலாம். அது சூழலை மாற்றுவது. பக்கத்து நெல் எடை ஏறுவதையே பார்த்துக்கொண்டு நிற்காமல் டீக்கடைப் பக்கம் நடக்கலாம். அது கவனத்தைத் திருப்புவது. "வேணும்னே என்னை அலைய விடுறான்" என்று எடுத்துக்கொள்வதற்குப் பதில், "மழை எல்லார் நெல்லு மேலயும்தான் பெஞ்சுது, இன்னிக்கு வெயில் அடிச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்று எடுத்துக்கொள்ளலாம். அது நடந்ததற்கு வேறு பொருள் கொடுப்பது. இந்த நான்கும் தாண்டிக் கோபம் வந்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பது ஐந்தாவது: விழுங்குவது, கத்துவது, மூச்சை இழுத்து விடுவது, அல்லது நேரே போய்க் குடிப்பது.

"கோபத்தை அடக்கு" என்று புத்தி சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த ஐந்தாவது இடத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். இருப்பதிலேயே சிரமமான இடம் அது. அங்கே தோற்றுப் போகிறவரைக் குணம் கெட்டவர் என்று சொல்வது நியாயமே இல்லை. முதல் நான்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பரம்பரையே முன்கோபி. ரத்தத்தில் வந்ததை மாற்ற முடியுமா?

பிறவி இயல்பு என்று ஒன்று இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளைத் தேர்த் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வேட்டுச் சத்தம் கேட்டு ஒன்று கைதட்டும், இன்னொன்று அம்மா தோளை விட்டு இறங்காது. அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் நியூயார்க்கில் 1956இல் தொடங்கி, கைக்குழந்தையிலிருந்தே பல பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு வேகமாக உணர்ச்சிவசப்படுவது, புதியதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகுவது போன்றவற்றில் குழந்தைகள் ஆரம்பத்திலேயே வேறுபடுகிறார்கள் என்று கண்டார்கள்.

அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த இயல்பும் வளர்க்கிறவர் முறையும் ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளையின் பிற்காலம் அமைகிறது. சட்டென்று பொங்கும் பிள்ளைக்குச் சட்டென்று பொங்கும் அப்பா வாய்த்தால் இரண்டும் ஏறிக்கொண்டே போகும். அதே பிள்ளை நிதானமான தாத்தாவிடம் வளர்ந்தால் வேறு மாதிரி வரும். பரம்பரைக் கோபம் என்று நாம் சொல்வதில் நிறைய, தலைமுறை தலைமுறையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொண்டதுதான்.

வளர்ந்த வீடு அவ்வளவு பெரிய விஷயமா?

நான் அதிகம் பேச விரும்பும் கேள்வி இதுதான்.

நடை பழகும் குழந்தை தடுக்கி விழுகிறது. ஓடிவந்து தூக்கும் பாட்டி என்ன செய்கிறார்? தரையை நாலு தட்டுத் தட்டி, "இந்தத் தரைதானே உன்னைத் தள்ளிவிட்டுச்சு? அடிச்சாச்சு, போ!" என்கிறார். குழந்தை அழுகையை நிறுத்திவிடும். பாட்டியின் பாசத்தில் குறையே இல்லை. ஆனால் வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்ற பாடமும் கூடவே போய்ச் சேர்கிறது. இன்னொரு வீட்டில், "அழுதா பூச்சாண்டி தூக்கிட்டுப் போயிடுவான்." அங்கே குழந்தை கற்பது, அழுகை ஆபத்தானது என்று. மூன்றாவது வீட்டில் அம்மா மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "வலிக்குதா? எங்க, காட்டு. பயந்துட்டியா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் உள்ளே நடப்பதற்குப் பேர் இருக்கிறது, அதைச் சொல்லலாம், சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் ஆராய்ந்தது இதைத்தான். பிள்ளையின் கோபத்தையும் சோகத்தையும் கவனித்து, அதற்குப் பேர் சொல்லி, பிறகு நடத்தைக்கு மட்டும் எல்லை போடும் பெற்றோரின் பிள்ளைகள், வளர வளரத் தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்வதில் மேலாக இருந்தார்கள். "உனக்குக் கோவம் வந்தது சரி, தங்கச்சியை அடிச்சது தப்பு" என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் போதும், அதுவே பெரிய வளர்ப்பு.

டெல்டாவுக்கே உரிய ஒரு நிலைமையும் இருக்கிறது. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. சாயங்காலம் வீடியோ கால் வரும். அம்மா போனைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்பா அங்க தனியா கஷ்டப்படுறாரு. அழாம பேசணும், என்ன?" என்பார். பிள்ளை சிரித்த முகத்தோடு, "நான் நல்லா இருக்கேம்ப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். அங்கே அப்பாவும் அதே மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருப்பார். யாரையும் குறை சொல்ல மாட்டேன், மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஐந்து வயதில், அன்பு என்றால் வருத்தத்தை மறைப்பது என்று கற்ற பிள்ளை, இருபத்தைந்து வயதில் புருஷனிடமோ பெண்டாட்டியிடமோ எதையும் சொல்லாது. அதனால் அந்த அம்மாக்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு நாளாவது "அப்பா இல்லாம எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று பிள்ளை சொல்லட்டும், அப்பாவும் அதையே சொல்லட்டும். அழுதால் அழட்டும்.

ஆண்கள் அழுவதில்லை, பெண்கள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள். இயற்கையா?

துக்க வீட்டில் கவனியுங்கள். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கட்டிப் பிடித்து, ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். இறந்தவர் செய்த நல்லது, பட்ட கஷ்டம், தனக்கு நேர்ந்த அநியாயம், மாமியார் கொடுமை உட்பட எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். வாசலில் ஆண்கள் பந்தல், பாடை, மேளம், மாலை என்று ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மகனாகவே இருந்தாலும் துண்டை வாயில் பொத்திக்கொண்டுதான் அழ வேண்டும். யார் எதை எங்கே காட்டலாம் என்று ஊர் வகுத்த விதி இது.

அழுகைக்கு அனுமதி இல்லாத ஆணிடம் துக்கம் கோபமாக வெளியே வருகிறது. பையன் பரீட்சையில் தோற்றால் அப்பாவுக்கு வருவது உண்மையில் பயம், கவலை. ஆனால் வெளியில் கேட்பது திட்டு. கோபத்துக்கு அனுமதி இல்லாத பெண்ணிடம் கோபம் அழுகையாகவோ தலைவலியாகவோ நெஞ்சு படபடப்பாகவோ வருகிறது. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தும் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட பெண்களிடம், "யார் மேல கோவம்?" என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். வலி உண்மைதான், அவர்கள் நடிக்கவில்லை.

ஒப்பாரி குறைந்து வருவது எனக்கு வருத்தம். இப்போது ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்துப் பேர் கூடி ஒருத்தியின் துக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு முறை அது.

அடக்கினால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே. அப்படியென்றால் கொட்டித் தீர்த்துவிடலாமா?

இரண்டிலும் சிக்கல்தான். மனதைச் சங்கடப்படுத்தும் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று சிலரிடம் சொல்லிக் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990களில் சோதித்தார்கள். முகம் அமைதியாக இருந்தது, உள்ளே உணர்ச்சி குறையவில்லை, உடம்பின் பரபரப்போ கூடியது. அப்படி மறைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் பேசியது, கேட்டது சரியாக நினைவில் நிற்பதில்லை என்றும் பிறகு தெரிந்தது. "எத்தனை தடவை சொன்னேன், காதுலயே வாங்கல" என்று நாம் சொல்லும் ஆள் ஒருவேளை உள்ளே மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

ஆனால் இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அமெரிக்க மாணவர்களை வைத்து நடந்தவை. ஆசிய மரபை மதிக்கிறவர்களுக்கு அடக்கிக்கொள்வதால் வரும் பாதிப்பு குறைவாக இருப்பதை எமிலி பட்லரும் மற்றவர்களும் 2007இல் காட்டினார்கள். இது நமக்கு உடனே புரியும். பெரியப்பா முன்னால் குரலை உயர்த்தாமல் இருப்பதை நாம் மூச்சு முட்டலாக நினைப்பதில்லை. மரியாதை என்று நினைக்கிறோம். விரும்பி அடக்குவதும் பயந்து அடக்குவதும் வேறு வேறு.

கொட்டித் தீர்ப்பதும் நினைப்பது போல வேலை செய்யாது. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்டவர்கள் அந்த ஆளை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. தட்டை விட்டெறிந்தால் மனசு லேசாகும் என்பது பொய். அடுத்த தடவை எறிவதற்குக் கை பழகும். அப்புறம் நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, நாம் என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பேசுவது இதில் சேராது. அது நல்லது. ஆனால் அதே கதையை அதே சூட்டோடு நாலு வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்வது காயத்தை ஆறவிடாது.

வெளியில் எவ்வளவு பொறுமை! வீட்டுக்குள் வந்தால் மட்டும் ஏன் எரிந்து விழுகிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் மனைவி. பதில் கசப்பானது: எங்கே காட்டினால் நஷ்டம் இல்லையோ அங்கே காட்டுகிறோம். முதலாளி முன்னால், அதிகாரி முன்னால், வாரத் தவணை வசூலிக்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் அடங்கிய அதே ஆள் மனைவி பிள்ளைகள் முன்னால் அடங்குவதில்லை. அப்படியானால் "என்னால கட்டுப்படுத்த முடியல" என்பது முழு உண்மை இல்லை. காலை முழுவதும் கட்டுப்படுத்தித்தானே இருக்கிறார்? அதனால் கை நீட்டும் ஆண்களிடம் நான் கோபத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை; அதிகாரத்தைப் பற்றித் தொடங்குகிறேன்.

உணர்ச்சிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பு தஞ்சை மண்ணுக்குப் புதிதும் இல்லை. பண்ணையாள் காலத்தில் ஏறிட்டுப் பார்த்ததற்கும் எதிர்த்துப் பேசியதற்கும் சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். கோபத்தை முகத்தில் காட்டினால் உயிருக்கே ஆபத்து என்ற காலத்தில் குனிந்து நடக்கப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நிமிர்ந்து பேசும்போது, "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் திமிர்" என்று சிலருக்குத் தோன்றுகிறது. ஒருவர் கோபப்பட்டால் நியாயம், இன்னொருவர் கோபப்பட்டால் திமிர் என்று சொல்லும் ஊரில், உணர்ச்சியைக் கையாள்வது தனி மனிதர் விஷயம் மட்டும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடனும் விவசாயமும் தொல்லையாக இருக்கும்போது மனசை மட்டும் எப்படிச் சரிப்படுத்துவது?

நியாயமான கேள்வி. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கடைமடை வரை தண்ணீர் ஓடும் வருஷத்திலும், குறுவையே இல்லாமல் போகும் வருஷத்திலும் ஒரே ஊர் இரண்டு ஊராக இருக்கும். தண்ணீர் வராத வருஷம் வாய்க்கால் முறைக்குச் சண்டை, வரப்புக்குச் சண்டை, வீட்டுக்குள் சோற்றில் உப்பில்லை என்பதற்குச் சண்டை.

இதற்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டவர்கள் செய்த இந்த ஆய்வு 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயியின் யோசிக்கும் திறனும், சட்டென்று வாயில் வருவதை நிறுத்திச் சரியானதைச் சொல்லும் திறனும் குறைந்திருந்தன. அறுவடைப் பணம் வந்த பிறகு மேம்பட்டன. ஆள் அதே ஆள்தான். பணமுடை மனசின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எனவே கடன் தொல்லையில் இருப்பவரிடம் "பாசிட்டிவா யோசிங்க" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. ஆலிசன் டிராய் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் காட்டியது இது: நம்மால் மாற்ற முடியாத கஷ்டத்தில், நடந்ததை வேறு விதமாகப் பார்க்கப் பழகியவர்களுக்குச் சோர்வு குறைகிறது. மாற்ற முடிந்த கஷ்டத்திலோ அதே பழக்கம் கெடுதலாகக்கூட முடிகிறது. மழையை நாம் நிறுத்த முடியாது, அதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பயிர்க் காப்பீட்டில் சர்வே எண் தப்பாக ஏறியிருந்தால் தேற்றிக்கொள்ளக் கூடாது. பயிர்ப் பதிவான அடங்கலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தக் கோபம் நல்ல கோபம், அதை அணைக்காதீர்கள்.

தூக்கத்துக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களிடம் சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துடிப்பதை 2007இல் ஒரு ஆய்வு கண்டது. அதைத் தட்டி அடக்கும் முன்மூளையுடன் அதற்கு இருக்கும் தொடர்பும் தளர்ந்திருந்தது. இரவெல்லாம் முறைத் தண்ணீருக்கு வயலில் காவல் இருந்துவிட்டு வந்தவரிடம் காலையில் பள்ளிக் கட்டணம் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவர் தூங்கி எழுந்து சாப்பிடட்டும். குடியும் முன்மூளையைத்தான் மழுங்கடிக்கிறது. "குடிச்சாத்தான் நிம்மதி" என்பவர் அந்த ராத்திரித் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு மறுநாளைக்கு எரிச்சலைச் சேர்த்து வைக்கிறார்.

பத்தாவது படிக்கும் பையன் பேசினாலே கதவைச் சாத்துகிறான். இது வயசுக் கோளாறா?

பாதி ஆமாம். உணர்ச்சி கிளம்பும் பகுதி அந்த வயதில் முழு வேகத்தில் இருக்கும். நிறுத்தி யோசிக்கும் முன்மூளை முழுதாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். கதவைச் சாத்தினால் அப்போதே திறக்கச் சொல்லி இடிக்காமல், அரை மணி கழித்து "சாப்பிட வா" என்று மட்டும் கூப்பிடுங்கள். பேச்சு, இருவரும் முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் சுலபமாக வரும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது பிள்ளைகள் சொல்லும் விஷயம் வீட்டு ஹாலில் ஒருநாளும் வராது. ஆனால் தூக்கம், சாப்பாடு, கூட்டாளி எல்லாம் மாறி, வாரக்கணக்கில் ஒதுங்கியே இருந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

வயசானால் கோபம் தானாகக் குறையுமா?

பலருக்குக் குறைகிறது. மிச்சம் இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று தெரியும்போது, வேண்டாத வம்பை விட்டு மனசுக்குப் பிடித்தவர்கள் பக்கம் சாய்கிறார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சனின் விளக்கம். ஆனால் சாதுவாக இருந்த பெரியவர் திடீரென்று எரிச்சல்காரராக மாறினால், காது மந்தம், வலி, மனச்சோர்வு, மறதி நோய் இவற்றில் எதுவோ இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கஜா புயலுக்குப் பிறகு காற்று பலமாக அடித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் ஏன்?

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அந்த இருட்டில், கூரை பிய்ந்து போகும் சத்தத்தோடு உட்கார்ந்திருந்த மூளை, பெருங்காற்றின் ஓசையை ஆபத்து என்று எழுதி வைத்துக்கொண்டது. அது கோழைத்தனம் இல்லை; உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். இந்த மண்ணில் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறது.

காற்று நின்றதும் பயமும் அடங்கி, மறுநாள் வேலையைப் பார்க்க முடிகிறது என்றால் சிகிச்சை தேவைப்படாது. துர்க்கனவு, அந்தக் காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது, கடற்கரைப் பக்கமே போகாமல் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது இவையெல்லாம் வருஷங்கள் கழித்தும் தொடர்ந்தால் அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கோயிலுக்குப் போய் வந்தால் மனசு சரியாகிறதே, டாக்டர் எதற்கு?

கோயிலுக்குப் போங்கள். நடுக்கம் தீர்த்த பெருமான் என்றே திருபுவனத்தில் சாமிக்குப் பேர். குணசீலத்துக்கும் நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் மனசு உடைந்தவர்கள் காலம் காலமாகப் போகிறார்கள். கூட்டத்தோடு உட்காருவது, நேரத்துக்குச் சாப்பிடுவது, அழுதால் யாரும் ஏன் என்று கேட்காத ஓர் இடம் கிடைப்பது, எல்லாம் மருந்துதான். ஆனால் யாரையும் கட்டிப்போடுவதையோ அடிப்பதையோ பட்டினி போடுவதையோ ஒத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நடுவில் நிறுத்தாதீர்கள். விபூதியும் மாத்திரையும் ஒரே வீட்டு மாடத்தில் இருக்கலாம்.

சரி, நானே இன்றைக்கு ஏதாவது செய்ய முடியுமா?

பேர் வைத்துப் பாருங்கள். "மனசு சரியில்ல" என்பதோடு நிறுத்தாமல், அது ஏமாற்றமா, அவமானமா, பொறாமையா, பயமா, வெறும் பசியா என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது அமிக்டலாவின் துடிப்பு குறைவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசை அறுக்கும் அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பள்ளி நோட்டின் பின்பக்கம் போதும். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் சரி. எழுத வராதவர்கள் போனில் குரல் பதிவு செய்து அழித்துவிடலாம்.

அப்புறம், எப்போது வெடிக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நிறையப் பேருக்கு ஒரே நேரம், ஒரே விஷயமாகத்தான் இருக்கும். தவணை நாள் காலை, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம், மாமியார் மருமகள் இருவரும் அடுப்படியில் நிற்கும் நேரம். அந்த நேரத்தில் எதையாவது மாற்ற முடியுமா என்று பாருங்கள். குணத்தை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது எளிது.

எப்போது உதவி தேட வேண்டும்? எங்கே?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், கோபத்தில் அடிதடி நடந்தால், குடி கூடிக்கொண்டே போனால், "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். அந்தப் பேச்சைப் பேசுபவரிடம், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. சொல்ல வழி கிடைக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். விவசாய வீடுகளில் பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைக்காமல், பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆபத்தான கொஞ்ச நேரம் கடந்துவிட்டால் நிறையப் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

14416க்கு அழைத்தால் டெலி மானஸ் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல ஆலோசனைச் சேவை. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கும் அழைக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று அங்கேயே கேட்டால் சொல்வார்கள்.

அவர் வர மாட்டேன் என்கிறார். "நான் என்ன பைத்தியமா?" என்று கத்துகிறார். என்ன செய்வது?

முதலில் நீங்கள் போங்கள். "என் வீட்டுக்காரர் வர மாட்டேங்கிறார், எனக்குச் சமாளிக்க வழி தெரியல" என்பதே டாக்டரிடம் போகப் போதுமான காரணம். அவரிடம் பேசும்போது மனநோய் என்ற பேச்சை எடுக்காமல், அவரே சொல்லும் தொல்லையிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் வரவில்லை, தலை கனக்கிறது, வயிறு எரிகிறது என்று ஏதாவது ஒன்றை அவர் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். அதைக் காட்டுவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவார். கூடவே போய், மீதியை நீங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அடிப்பவராக இருந்தால் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு 181க்கு அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண், அதிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.